நடக்க விடாத அண்ணி

என் இடது கால் தரையில் இருந்தது. வலது கால் அண்ணியின் கையில் இருந்தது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, காலை நேரம். தரை துடைத்த பினாயில் வாசனையும், பக்கத்துக் கட்டில்காரம்மா பிரித்து வைத்த இட்லிப் பொட்டலத்தின் காரச் சட்னி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. வயிற்றில் முந்தின நாள் போட்ட தையல். கையில் சலைன் ஊசி. டாக்டரம்மா வந்து, "எழுந்து நடக்கணும், இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய் ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"இன்னாமே, சொன்னா கேக்க மாட்டியா? கால மேல வையி."

"அண்ணி, நடக்கச் சொல்லிக்கீறாங்க அண்ணி."

"அவுங்க சொல்லிட்டு ரூமுக்குப் போய்டுவாங்க. நீ வுழுந்தா யாரு வாரிக்கினு போறது? நான்தானே?"

நர்ஸ் பெண் வந்து, "லேவண்டி அம்மா, நடவாலி" என்று தெலுங்கில் என்னை எழுப்பப் பார்த்தாள். அண்ணி அவளுக்கும் தெலுங்கிலேயே ஒரு டோஸ் விட்டார். பாவம், சின்னப் பெண். மருந்து டிரேயை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். என் கால் மறுபடியும் கட்டிலுக்கு ஏறியது. கழுத்து வரைக்கும் போர்வையும் ஏறியது.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. பெயர் நாகபூஷணம். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. என் கணவர் தாமோதரத்துக்கு வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தையும் மீறி இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரல் அண்ணிக்கு. தறிச் சத்தத்தில் பேசிப் பேசியே வளர்ந்த குரல் அது.

நான் மட்டும் என்ன சும்மாவா? நகரியிலிருந்து வடமாலபேட்டை வரைக்கும் ஸ்கூட்டியில் சுற்றி இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கிறவள். "எனக்கு இன்னா ஆயிடப் போவுது?" என்று மீசையை முறுக்குகிற ஆளிடமே கையெழுத்து வாங்கிவிட்டு, அவர் வீட்டு மோரையும் குடித்துவிட்டு வருகிறவள். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்று போன வாரம்தான் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னால், என்னுடைய சொந்தக் காலை அண்ணியின் கையிலிருந்து வாங்க முடியவில்லை.

உள்ளே ஒட்டிக்கொண்டது

சில வருடங்களுக்கு முன்னால் புத்தூரில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போதும் அண்ணிதான் துணை. வீட்டுக்கு வந்ததும் பழைய வாயில் சேலை ஒன்றைக் கிழித்து, மூச்சு முட்டுகிற மாதிரி வயிற்றைச் சுற்றிக் கட்டினார். "தண்ணி ரொம்பக் குடிக்காத, வயிறு பெருத்துடும்" என்றார். மாதக் கணக்கில் என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை.

எனக்கு அப்போது அது பிடித்தேயிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை உட்காரு என்று சொன்னதில்லை. படு என்று சொன்னால் கசக்குமா? ராணி மாதிரி படுத்திருந்தேன்.

பிறகு ஆரம்பித்தது வயிற்றுவலி. வரும், முறுக்கும், போகும். வந்த நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், பிறகு தானாக இறங்கும். ஊரே சேர்ந்து அதற்கு கேஸ் என்று பெயர் வைத்தது. ஓமத் தண்ணீர் குடித்தேன், பூண்டு சுட்டுத் தின்றேன், சோடா குடித்தேன். புத்தூரில் ஒரு பாலிசி கையெழுத்தாகிற நேரத்தில் அந்த வீட்டு வாசலிலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் பாலிசி எடுத்தார்களா என்று கேட்காதீர்கள். ஏஜெண்டே இப்படி இருந்தால் எப்படி என்று யோசிக்கிறோம் என்றார்கள்.

ஒரு மாங்காய் சீசனில் வலி வந்தது, போகவே இல்லை. வாந்தி பச்சையாக வந்தது. காற்றும் பிரியவில்லை, வெளிக்கும் போகவில்லை. காரில் போட்டுத் திருப்பதிக்குக் கொண்டு போனார்கள். ஸ்கேன் பார்த்த கையோடு ஆபரேஷன் தியேட்டர்.

மயக்கம் தெளிந்த பிறகு டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். அவர் சித்தூர்க்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து, யாருக்கும் புரிகிற மாதிரி பேசுவார். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உள்ளே ஆறுகிற புண்ணில் தழும்பு வளருமாம். அந்தத் தழும்பு சும்மா இருக்காமல் பக்கத்தில் இருக்கிற குடலையும் பிடித்துக்கொள்ளுமாம். வழுக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நகர வேண்டிய குடல், ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிடும். வேகவைத்துக் கிளறாமல் விட்ட சேமியா மாதிரி இருந்தது உங்க வயிறு என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நான் சேமியா வாங்குவதில்லை.

"எல்லாத்தையும் பிரிச்சு வுட்டாச்சு," என்றார். "ஆனா பிரிச்ச இடமும் புண்ணுதானே? அதுவும் ஒட்டலாம்."

"அப்போ மறுபடியுமா?"

"ஒட்டாம பாக்கறதுக்கு என்னால ஆனத செஞ்சிருக்கேன். ரத்தம் தேங்காம நல்லா கழுவிட்டேன். நடுவுல ஒரு மெல்லிசு படலம் வெச்சிருக்கேன், அது கொஞ்ச நாள் தடுப்பா இருந்துட்டு தானா கரைஞ்சிடும். இனிமே உங்க வேலை. எழுந்து நடக்கணும். நடந்தா குடல் சீக்கிரம் அசையும், கால்ல ரத்தம் கட்டாது. நடந்தா ஒட்டவே ஒட்டாதுன்னு கியாரண்டி மட்டும் கேக்காதீங்க. அப்படி யாராலயும் சொல்ல முடியாது."

"முன்னால நான் படுத்தே கெடந்ததாலதான் ஒட்டிச்சா?"

"அப்படியும் சொல்ல மாட்டேன். நல்லா நடந்தவங்களுக்கும் ஒட்டும். ஆனா மூணாவது தடவை திறக்கற மாதிரி வெச்சுக்காதீங்கம்மா. ஒவ்வொரு தடவையும் கஷ்டம் ஜாஸ்தியாவுது. குடல்ல கொஞ்சம் வெட்டி எடுக்கற மாதிரிகூட ஆயிடும்."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது அன்றைக்குத்தான். மற்றவர்களுடைய சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிப் பிழைத்தவள் நான்.

பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க வருவது ஒரு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்களுக்காகப் படுத்திருப்பவர் ஒழுங்காகப் படுத்திருக்க வேண்டும். முகம் வாடியிருக்க வேண்டும். குரல் உள்ளே போயிருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் வந்தவர்களுக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்தது வீணா என்று முகம் சுருங்கிவிடும். அதோடு கண்ணும் பட்டுவிடுமாம்.

அதனால் லிஃப்ட் சத்தம் கேட்டாலே அண்ணி போர்வையைக் கையில் எடுத்துவிடுவார்.

பங்காருபாளையத்திலிருந்து அண்ணியின் சம்பந்தி வீட்டார் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார்கள். எனக்கு அப்போது பாட்டில் மூடியால் அளந்துதான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "நீ துன்னாத மா, சீழ் புடிச்சுக்கும்" என்றார் சம்பந்தியம்மா. பிறகு யாருக்குக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. அந்தப் பழ வாசனை இரவும் பகலும் கட்டிலுக்கு அடியிலிருந்து மேலே வந்துகொண்டேயிருந்தது.

டாக்டரம்மா என்னைச் சூயிங்கம் மெல்லச் சொல்லியிருந்தார். வாய் மென்றால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து வேலையை ஆரம்பிக்குமாம். நான் அதை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்கள். சம்பந்தியம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார்.

"இன்னா பூஷணம், வயித்த அறுத்துக்கினு கீறான்னு சொன்ன. இவ காலேஜ் பொண்ணாட்டம் பபிள்கம் மென்னுக்கினு கீறா?"

அண்ணி நேராக வந்து என் வாயருகில் கையை நீட்டினார். "துப்பு," என்றார். வேறு வழியில்லாமல் துப்பினேன்.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான். "காத்து பிரிஞ்சுதா?" மச்சான் முறைக்காரர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பாலிசி போட்ட கஸ்டமர் போன் செய்து கேட்டார். வார்டைக் கூட்டுகிற அம்மாவும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "கேஸ் போயிந்தா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போனார். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு மானம் போனதுதான் மிச்சம்.

என் கணவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"டாக்டர் சொல்றதும் சரி," என்றார். "அக்கா சொல்றதுலயும் ஒரு ஞாயம் கீது."

"அப்போ நான் ஒரு கால்ல நடக்கறேன், ஒரு கால மேல வெச்சுக்கறேன். சரியா?" என்றேன்.

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டார்.

மொக்கு

ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அண்ணி ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் திரும்பும்போதும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஏதோ சந்தேகம் தட்டியது.

"அண்ணி, எதுனா மொக்கு கிக்கு வெச்சுக்கீறீங்களா?"

மொக்கு என்றால் எங்கள் ஊரில் வேண்டுதல்.

"ஆமா. நீ நல்லபடியா வந்துட்டா கோயில சுத்தி உருளறதா வேண்டிக்கினேன்."

அண்ணி மேல் எனக்கு அப்படியே பாசம் பொங்கிவிட்டது. "உங்க முட்டிவலியோட எதுக்கு அண்ணி உருளறீங்க?" என்றேன்.

"நான் எங்க உருளறேன்? நீதான் உருளப்போற."

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டதில் சலைன் ஊசி இழுத்து வலித்தது.

"அண்ணி, உருளணும்னா வயிறு தரையில படணுமே. தையல் போட்ட வயிறு."

"அத சாமி பாத்துக்கும்."

"உருளறத பாத்துக்கற சாமி, நடக்கறத பாத்துக்காதா?"

"வாய் மட்டும் கொறையல உனுக்கு," என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தார் அண்ணி. படுத்தே கிடப்பதால் கால் மரத்துப்போகும், நீவி விடுகிறேன் என்று என் கெண்டைக்காலில் எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தார். படுக்க வைத்தவரும் அவரே, படுத்ததற்கு வைத்தியம் பார்ப்பவரும் அவரே. என் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. ஆனால் அந்தக் கை சூடாக, இதமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணி சொன்ன காரணம்

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைத் தட்டின மாதிரி இல்லாமல், காலிக் குடத்தைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மாறியது.

"குடல் இன்னும் அசையல. நடந்தாங்களா?"

நர்ஸ் பெண் அண்ணியைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மலையைப் பார்த்தார்.

"யாரும்மா இவங்கள நடக்க விடாதது? இவங்களுக்கு மறுபடியும் அடைச்சுக்கினா நீங்களா ஆபரேஷன் பண்ணுவீங்க?"

அண்ணி வெடித்துவிட்டார். அந்தக் குரலுக்கு வார்டே திரும்பியது.

"நானும் ஆசுபத்திரி பாத்தவதாம்மா! எங்கம்மாவ சித்தூர்ல இதேமாரி வயித்துல அறுத்தாங்க. நான்தான் கூட இருந்தேன். வாரக் கணக்குல பூ மாரி படுக்க வெச்சுப் பாத்துக்கினேன். ஒரு கால் வீங்கிக்கினு இருந்துச்சி, அத தெனமும் எண்ண போட்டு நீவி வுட்டேன். நல்லாதான் இருந்தாங்க. வீட்டுக்குப் போலாம்னு சொன்ன அன்னிக்கி, நானே போறேன் பாத்ரூமுக்குன்னு எழுந்தாங்க. கதவாண்ட போனாங்க, மூச்சு வாங்குச்சி, அப்டியே என் மேல சாஞ்சாங்க. அவ்ளோதான். எழுந்திரிச்சதாலதான் போனாங்க. இவளயும் எழுப்பி நான் சாவடிக்கணுமா?"

சொல்லி முடித்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் போனார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படி என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

டாக்டரம்மாவுக்குச் சட்டென்று கோபம் இறங்கிவிட்டது. அண்ணியின் தோளைத் தொட்டார். பிறகு என்னை வீல்சேரில் வைத்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு அழைத்துவரச் சொன்னார்.

அங்கே கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரு கால்தான் வீங்கியிருந்ததுன்னு சொன்னாங்க இல்ல?"

"ஆமாங்க."

என் தையல் மேல் இருந்த பஞ்சை மாற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். நாள் கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும். அந்தக் கால் வீங்கும். அதை நீவக் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் அந்த நிமிஷமே உயிர் போகும். பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது என்றார்.

"எழுந்ததால போகலம்மா அவங்க. முன்னாலேயே எழுந்திருக்கணும்." அப்புறம், "உங்க கால்ல இனிமே எண்ணெய் தேய்க்க விடாதீங்க," என்றார்.

நுனி நாக்கில்

வீல்சேரில் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு வெறி. உண்மையைத்தான் சொல்கிறேன். இரக்கம் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெற்றி. இத்தனை நாள் என்னைக் கட்டிப்போட்டவரை ஒரே வாக்கியத்தில் வாயடைக்க வைக்கலாம். உங்கம்மா எழுந்ததால் சாகவில்லை அண்ணி, நீங்கள் படுக்க வைத்ததால் செத்தார். இதைச் சொன்னால் போதும். என் கால் எனக்குக் கிடைத்துவிடும். மூன்றாவது தடவை வயிற்றைத் திறக்கிற பயமும் பாதி போகும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணி எண்ணெய் பாட்டிலோடு காத்திருந்தார்.

"வா, கால நீட்டு."

வாக்கியம் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றியிருந்தது. சிந்தாமல் இருக்கக் கையைக் குவித்து வைத்திருந்தார். அம்மாவின் காலை நீவின அதே கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு இவர் இன்னும் எத்தனையோ வருடம் சோறு பிசைய வேண்டும், பேரப்பிள்ளைகளுக்குத் தலைசீவ வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் மூடினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எண்ண வாணாம் அண்ணி," என்றேன். "என் கையப் புடிச்சிக்கோங்க. நீங்க புடிச்சிக்கினா நான் வுழ மாட்டேன்."

"வாணாம்மே..."

"எனுக்கு பயமா கீது அண்ணி. மறுபடியும் அறுப்பாங்களோன்னு பயமா கீது. தனியா நடக்கவும் பயமா கீது. நீங்க கூட வாங்க."

அண்ணிக்கு நான் பயப்படுவேன் என்பதே புதிய செய்தி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பாட்டிலை மூடினார். கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

தையல் சுரீரென்றது. கண் இருட்டியது. அண்ணியின் பிடி எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. கதவருகில் போனதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. வராண்டாவில் வெயில் விழுந்த இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம்.

அதோடு என் கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அண்ணி ஒன்றைப் பிடித்தால் அரைகுறையாகப் பிடிக்கிறவர் இல்லை. அன்று சாயந்தரத்திலிருந்து என்னைப் படுக்கவே விடவில்லை. "இன்னா படுத்துக்கினே கீற? ஏந்திரி, குடல் ஒட்டிக்கும்!" கண்ணை மூடினால் உலுக்கினார். பார்க்க வந்தவர்களையும் உட்கார விடாமல், பேசறதா இருந்தா நடந்துக்கினே பேசுங்க என்று வராண்டாவில் ஓட்டினார். மச்சான் முறைக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து வந்தார். சூயிங்கமும் அண்ணியே வாங்கி வந்து, பிரித்து என் வாயில் திணித்தார்.

அடுத்த நாளே காற்று பிரிந்தது. வராண்டாவில், நான்கு பேர் நடமாடுகிற இடத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி போனை எடுத்து நகரிக்கு, புத்தூருக்கு, பங்காருபாளையத்துக்கு என்று வரிசையாகச் சொன்னார். என் கணவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

வராண்டாவில் ஒரு கேள்வி

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள். கடைசியாக ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தோம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழாயடிக்குப் பக்கத்தில் வந்ததும், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எங்கம்மாவயும் இப்டி நடக்க வெச்சிருந்தா?"

நான் தையலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டரம்மா உன்ன தனியா இட்டுக்கினு போனாங்களே. அப்ப இன்னா சொன்னாங்க?"

இத்தனை வருடமாகக் கஸ்டமரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. கம்பெனி விதியில் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை.

"அது வேற அண்ணி," என்றேன். "அவுங்களுக்கு இருந்தது நெஞ்சு நோவாம். நடந்தாலும் படுத்தாலும் அதேதான் ஆயிருக்கும்னு சொன்னாங்க. நீங்க பக்கத்துல இருந்ததாலதான் அவ்ளோ நாளாவது இருந்தாங்களாம்."

அண்ணி சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நட. நின்னா ஒட்டிக்கும்," என்றார்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. வயிறு இதுவரைக்கும் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் லேசாக முறுக்கினால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நடக்கிறேன். அண்ணி தன் வீட்டு வாசலிலிருந்தே கத்துகிறார். உருளுகிற விஷயத்தில் மட்டும் இன்னும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை முடியவில்லை.

நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், தமிழில் படித்தவள். அண்ணியும் என் கணவரும் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் படித்தது தெலுங்கு மீடியம். இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் அண்ணி என் போட்டோவை மட்டும் தேடிப் பார்ப்பார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன். என் கணவரிடமும் நான் சொல்லவில்லை. போனது அவருக்கும் அம்மா.

நகரியில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அண்ணி உங்களிடம் வந்து, "என்னப் பத்தி இன்னா எழுதிக்கீறா, படி" என்று கட்டாயம் கேட்பார். அவர் என் கையைப் பிடித்து நடக்க வைத்ததை மட்டும் படித்துக் காட்டுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.